அமெரிக்க வீடு: அளவும் கட்டுமானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக அமெரிக்கா வந்து வீடு தேடுகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்து ஹாலில் உட்கார்ந்தபடியே சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. ஊருக்கு ஊர் விதிகளும் தட்பவெப்பமும் மாறும் நாடு இது. ஆகவே எந்தப் பகுதிக்கு எது பொருந்தும் என்பதை முடிந்தவரை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

அமெரிக்க வீட்டின் சராசரி அளவு என்ன?

செய்திகளில் அடிபடும் எண், புதிதாகக் கட்டி முடிக்கப்படும் தனி வீடுகளுக்கானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 1973ல் கட்டப்பட்ட புது வீடுகளின் நடு அளவு 1,525 சதுர அடி. பாதி வீடுகள் அதற்கு மேல், பாதி வீடுகள் அதற்குக் கீழ் என்று பொருள். 2015ல் அது 2,467 சதுர அடியைத் தொட்டது. அதன்பின் மெல்ல இறங்கி, அண்மை ஆண்டுகளில் 2,200ஐ ஒட்டி நிற்கிறது. இதே காலத்தில் ஒரு வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை குறைந்தது. 1970ல் சராசரியாக 3.1 பேர், இப்போது சுமார் 2.5 பேர். ஆள் குறையக் குறைய வீடு வளர்ந்திருக்கிறது.

ஆனால் எல்லோரும் புது வீட்டில் குடியிருக்கவில்லை. சொந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி, கட்டி நாற்பது ஆண்டுகள் ஆனவை. அவற்றையும் சேர்த்தால் நடு அளவு 2,000 சதுர அடிக்குக் கீழே போய்விடும். டெக்சாஸில் புதிதாக முளைக்கும் குடியிருப்புகளில் 3,000 சதுர அடி யாரையும் வியக்க வைப்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அதே போன்ற குடும்பம், 1950களில் கட்டப்பட்ட 1,200 சதுர அடி வீட்டை அதைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்கி, பெருமூச்சுவிட்டுக் குடியேறும்.

அந்தச் சதுர அடியில் எதெல்லாம் சேரும்? கேரேஜும் உண்டா?

கேரேஜ் சேராது. வெளித்திண்ணை, மரத்தளம், சூடேற்ற வசதி இல்லாத இடம் எதுவும் சேராது. சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளப்பார்கள் என்பதால் சுவரின் கனம் கணக்கில் வரும். பொதுப் படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி என்று பங்கு போட்டுச் சேர்க்கும் சூப்பர் பில்டப் வித்தை தனி வீட்டில் கிடையாது.

தகராறு வருவது பேஸ்மென்ட் என்னும் நிலவறையில்தான். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பகுதி இறங்கியிருந்தாலும், எவ்வளவு அழகாகத் தரை போட்டு விளக்கு மாட்டியிருந்தாலும், மதிப்பீட்டாளர்கள் அதைத் தனியாகத்தான் எழுதுவார்கள். வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் பெரிய நிறுவனமான ஃபேனி மே, 2022 ஏப்ரல் முதல் இந்த அளவீட்டு முறையைக் கட்டாயமாக்கிவிட்டது. சாய்வுக்கூரை அறைகளில் ஐந்தடிக்குக் குறைவான உயரமுள்ள மூலைகளும் கழிக்கப்படும்.

படுக்கையறைக்கும் இலக்கணம் உண்டு. பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதிப்படி குறைந்தது 70 சதுர அடி பரப்பும், தீ விபத்தில் ஏறிக் குதிக்கத்தக்க ஜன்னலும் வேண்டும். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, திறந்தால் 5.7 சதுர அடி இடைவெளி கிடைக்க வேண்டும். நிலவறையில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு “ஐந்து படுக்கையறை” என்று விளம்பரம் செய்பவர்களிடம் இந்த ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள்?

நிலம் தாராளமாகக் கிடக்கிறது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி கடனும் சட்டமும்.

1947ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி வீடு கட்டத் தொடங்கியது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காக, 60க்கு 100 அடி மனையில் 750 சதுர அடி வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. நிலவறை கிடையாது, கான்கிரீட் தளத்தின் மேலேயே வீடு. தொழிலாளர்கள் ஒவ்வொரு மனையாக நகர்ந்து தங்கள் ஒரே வேலையை மட்டும் செய்துவிட்டுப் போவார்கள். உச்சத்தில் நாளொன்றுக்கு முப்பது வீடுகள் எழும்பின. 1951க்குள் 17,000க்கு மேல். அமெரிக்கப் புறநகரின் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. அந்த அச்சில் ஓர் அசிங்கமும் இருந்தது: வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள்.

அந்த வீடுகளை வாங்க வைத்தது அரசின் உத்தரவாதம். 1934ல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் நீண்ட காலக் கடனுக்குப் பின்னால் நின்றது. 1944ல் முன்னாள் படைவீரர் சட்டம் வந்தபின் கையில் பணமே இல்லாமலும் வீடு வாங்க முடிந்தது. மாறாத வட்டியில் முப்பது ஆண்டுக் கடன் சாதாரணமானபோது, வீட்டை விலை பார்த்து வாங்குவது போய், மாதத் தவணை பார்த்து வாங்குவது வழக்கமாகியது. கூடுதலாக ஓர் அறை என்றால் தவணையில் கொஞ்சம்தானே ஏறும் என்ற மனக்கணக்கு அப்போது பிறந்தது.

அடுத்தது மண்டலச் சட்டம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று ஊராட்சி விதிப்பது செல்லும் என 1926ல் ஒஹாயோவின் யூக்ளிட் ஊர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஊர்தோறும் விதிகள் கெட்டித்தன. இந்தப் பகுதியில் தனி வீடு மட்டுமே. மனை இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது. தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும். பல நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் முக்கால் பங்கு வரை இப்படித் தனி வீட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கால் ஏக்கர் மனைக்கு விலை கொடுத்துவிட்டு அதில் 900 சதுர அடி வீட்டைக் கட்டினால் கட்டுநருக்குக் கட்டுப்படியாகாது. மனை விலையை நியாயப்படுத்தப் பெரிய வீடு. குடும்பத்தின் தேவை இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வருகிறது என்பது என் கருத்து. முன்வாசல் அருகே அலங்காரமாக வைத்திருக்கும் ‘ஃபார்மல் டைனிங்’ அறையில் ஆண்டுக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அண்மையில் இந்த விதிகள் தளர்கின்றன. மினியாபொலிஸ் நகரம் தனி வீடு மட்டும் என்ற கட்டுப்பாட்டைக் கைவிட்டது. ஓரிகன் மாநிலம் 2019லும் கலிஃபோர்னியா 2021லும் ஒரே மனையில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வழிவிட்டுச் சட்டம் இயற்றின.

சுவரில் குத்தினால் ஓட்டை விழுமாமே? அட்டை வீடுதானா?

குத்தினால் ஓட்டை விழும். ஆனால் குத்து விழுந்த இடம் வீட்டைத் தாங்கும் பாகம் அல்ல.

ஒரு வெளிச்சுவரை உள்ளிருந்து வெளியே பிரித்துப் பார்ப்போம். முதலில் பெயின்ட். அதன் பின்னால் அரை அங்குல ஜிப்சம் பலகை. இதைத்தான் டிரைவால் என்கிறார்கள். இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் தகடு. கைக்கு முதலில் தட்டுப்படுவதும் ஓட்டையாவதும் இதுதான். அதற்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மரச்சட்டங்கள், பெயர் ஸ்டட். ‘டூ பை ஃபோர்’ என்று அழைத்தாலும் இழைத்துக் காய்ந்தபின் அதன் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பதினாறு அங்குலம். பலகைகள் நான்குக்கு எட்டு அடி அளவில் வருகின்றன. நாலடிக்குள் பதினாறு அங்குலம் மூன்று முறை சரியாக அடங்குவதால் பலகையின் ஓரம் எப்போதும் ஒரு சட்டத்தின் மேலேயே வந்து முடியும். அங்கே ஆணி இறங்கும். மொத்தக் கட்டுமானமும் இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது.

சட்டங்களுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் இதே இடைவெளியில்தான் ஓடுகின்றன. சட்டங்களின் வெளிப்புறத்தில் ஓஎஸ்பி என்னும், மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை. கனம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வீடு பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது இந்தப் பலகையும் அதில் நெருக்கமாக அடித்த ஆணிகளும்தான். அதன்மேல் மழைநீரைத் தடுத்து ஈரக்காற்றை வெளியே விடும் மெல்லிய உறை. கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள்மேல் கம்பெனிப் பெயர் அச்சிட்ட வெள்ளைத் துணிபோலத் தெரிவது அதுவே. கடைசியாக வைனில், சிமென்ட் இழைப் பலகை, சாந்துப் பூச்சு அல்லது செங்கல் என்று வெளி ஆடை.

ஒவ்வொரு அடுக்கும் ஒரு வேலையை மட்டும் செய்கிறது. நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தாங்குவது, தடுப்பது, மறைப்பது எல்லாவற்றையும் ஒருவனாகச் செய்கிறது. தட்டிப் பார்த்துவிட்டு “உள்ளே ஒன்றுமே இல்லையே” என்று சொல்லும் பெரியவர்களின் அதிர்ச்சி நியாயமானது. ஒலியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதுதான் சரி. உள்சுவர்களில் பெரும்பாலும் பஞ்சுகூட வைப்பதில்லை. பக்கத்து அறையின் தொலைபேசி உரையாடல் தெளிவாகக் கேட்கும்.

செங்கல்லும் கான்கிரீட்டும் இருக்க ஏன் மரம்?

மரம் இருந்தது, கொத்தனார்கள் போதவில்லை. 1830களில் சிகாகோ திடீரென்று வளர்ந்தபோது, பருத்த உத்திரங்களைப் பொளிந்து சேர்க்கத் தெரிந்த தச்சர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களும் இயந்திரத்தில் வெட்டிய மலிவான ஆணிகளும் கைக்குக் கிடைத்தன. சுத்தியல் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஒரு வீட்டை எழுப்ப முடிந்தது. 1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் தபால் விலைப்பட்டியல் வழியாக முழு வீட்டையே விற்றது. அறுத்த மரம், ஆணி, கதவு, பெயின்ட் எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். அப்படி எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின. பல இன்னும் நிற்கின்றன.

இன்றும் புதுத் தனி வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மரச்சட்ட வீடுகளே. தென்மாநிலங்களில் பைன் மரம் பயிர்போல வளர்க்கப்படுகிறது. தேவையில் ஏறக்குறைய கால் பங்கு கனடாவிலிருந்து வருகிறது, 1980களில் தொடங்கிய வரிச் சண்டை இன்றும் ஓயாமல். மரம் மலிவு என்பதைவிட ஆள் கூலி அதிகம் என்பதே கனமான காரணம். செங்கல் சுவர் எழுப்ப ஆகும் நேரத்தில் மரச்சட்டக் குழு கூரை வரை போய்விடும். குளிர்நாட்டுக்கு வேறு ஒரு லாபமும் உண்டு: சட்டங்களின் நடுவே பஞ்சை நிரப்பிவிடலாம். வெறும் செங்கல்லோ கான்கிரீட்டோ மினசோட்டாக் குளிரைத் தடுக்காது. அதற்குமேல் தனியாக ஒரு பஞ்சு அடுக்கு போட்டே ஆக வேண்டும்.

பின்னால் மாற்றுவதும் எளிது. கதவை இடம் மாற்றவோ, சமையலறையை விரிக்கவோ ஒரு வாரம் போதும். தாங்குசுவரா, வெறும் தடுப்பா என்று மட்டும் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்கு தெற்கு ஃபுளோரிடா. புயலுக்கும் கரையானுக்கும் அஞ்சி, அங்கே கான்கிரீட் கட்டிகளை அடுக்கி நடுவே கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். நியூ மெக்சிகோவில் பச்சைச் செங்கல் மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது.

எங்கள் தெருவில் எல்லாம் செங்கல் வீடுதானே?

டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ புது வீடு என்றால், அது ஒற்றை வரிசைச் செங்கல் போர்வை. உள்ளே அதே மரச்சட்டம். செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றிடைவெளி இருக்கும். அடிவரிசையில் ஆங்காங்கே சாந்து பூசாத சிறு சந்துகள் தெரியும். உள்ளே புகுந்த நீர் வடிவதற்கானவை. “ஓட்டையை அடைக்க மறந்துவிட்டார்கள்” என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். பிலடெல்ஃபியா, பால்டிமோர் போன்ற நகரங்களின் பழைய வரிசை வீடுகள் மட்டும் உண்மையாகவே செங்கல்லால் நிற்பவை.

அஸ்திவாரம் எப்படி? சில வீடுகளில் மட்டும் ஏன் நிலவறை?

உறைபனி முடிவு செய்கிறது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து வீங்கி மேலே தள்ளும். அஸ்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே உட்கார வேண்டும். மினசோட்டாவின் வடபகுதியில் ஐந்தடி தோண்ட விதி சொல்கிறது. ஐந்தடி தோண்டிய பின் இன்னும் மூன்றடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது, அதுதான் நிலவறை. டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம் உறைபனி ஆழமாக இறங்காததால் தரைமேல் கான்கிரீட் தளம் போட்டு அதன்மேலேயே வீடு. இரண்டுக்கும் நடுவே, தவழ்ந்து போகும் உயரத்துக்கு வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘கிரால் ஸ்பேஸ்’ முறையும் உண்டு.

டல்லாஸ் பகுதிக் களிமண் ஒரு தனிக் கதை. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். தளத்தினுள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி வைத்தும் விரிசல் விடும். ஆகவே கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக்குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். விரிசலைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டால் நின்றுவிடும்.

நிலவறை உள்ள வீடு வாங்குகிறவர்கள் ரேடான் வாயுச் சோதனையை விடக் கூடாது. மண்ணிலிருந்து கசியும் இந்தக் கதிரியக்க வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அளவு லிட்டர் காற்றுக்கு நான்கு பிக்கோகியூரியை எட்டினால், குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

கூரை எதனால் ஆனது?

தார் கலந்த ஷிங்கிள் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று மீன் செதில்போல. அடியில் ஓஎஸ்பி பலகை, அதைத் தாங்குவது ஆலையில் பல்தகடுகளால் இணைத்துக் கொண்டுவரும் முக்கோண மரச்சட்டகம். இருபது முதல் முப்பது ஆண்டுகளில் மாற்ற வேண்டும். ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன டெக்சாஸ், கொலராடோவில் அதற்கும் முன்பே. ஒரு குழு காலையில் ஏறி மாலைக்குள் முழுக் கூரையையும் பிரித்துப் புதிதாகப் போட்டுவிட்டு இறங்கும்.

சூறாவளி வந்தால் பறந்துவிடாதா?

பறந்திருக்கின்றன. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமியின் தெற்கே 25,000க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. பின்னர் ஆராய்ந்தபோது தெரிந்தது என்னவென்றால், பலகையில் அடித்த ஆணி அடியிலுள்ள சட்டத்தில் இறங்காமல் வெறுமனே காற்றில் தொங்கிய இடங்கள் ஏராளம். காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. 2002ல் அமலுக்கு வந்த ஃபுளோரிடாக் கட்டட விதி, கூரைச் சட்டகத்தைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் உலோகப் பட்டைகளால் தொடர்ச்சியாகக் கட்டச் சொல்கிறது. புயல்காற்று பலமாக வீசும் பகுதிகளில் ஜன்னல்களுக்குத் தாக்குதலைத் தாங்கும் கண்ணாடி அல்லது அடைப்பு வேண்டும்.

ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கம் சுழன்றடிக்கும் டொர்னாடோ வேறு வகை. உச்ச வகையில் காற்று மணிக்கு 200 மைலைத் தாண்டும். அதன் நேர்ப்பாதையில் செங்கல் வீடும் நிற்பது அரிது. மொத்த வீட்டையும் அதற்கேற்பக் கட்டுவதைவிட, கேரேஜ் தரையில் எஃகு அறை ஒன்றைப் பொருத்திக் குடும்பம் ஒளிந்துகொள்வது மலிவு.

நிலநடுக்கம்?

இங்கே மரம்தான் மேல். எடை குறைவு, ஆயிரக்கணக்கான ஆணிகள் சற்றுச் சற்று வளைந்து அதிர்வை உண்டுவிடும். 1933ல் லாங் பீச் நிலநடுக்கம் கம்பி வைக்காத செங்கல் கட்டடங்களைச் சரித்த பிறகு கலிஃபோர்னியா அவற்றைக் கைவிட்டது. பலவீனம் இரண்டு இடங்களில்: அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்காத பழைய வீடுகள்; கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தம் வைத்த அடுக்கு வீடுகள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அப்படிப்பட்ட ஒரே குடியிருப்பில் 16 பேர் நசுங்கி இறந்தார்கள்.

தீப்பிடித்தால்?

பலரும் பழிக்கும் ஜிப்சம் பலகைதான் இங்கே காவலன். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் அடைபட்ட நீர். சூடானால் நீர் ஆவியாகி, அதுவரை பின்னாலுள்ள மரத்தைக் காக்கும். கேரேஜுக்கும் வீட்டுக்கும் நடுவே இந்தப் பலகை கட்டாயம். ஒவ்வொரு படுக்கையறையிலும் அதன் வாசலுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கை மணி வேண்டும். கலிஃபோர்னியாவில் 2011 முதல் புது வீடுகளுக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பானும் உண்டு.

காட்டுத்தீ அடுக்குகளை மதிப்பதில்லை. 2018ல் பாரடைஸ் என்ற ஊரில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ். தீ நாக்கைவிட, காற்றில் பறந்து வந்து கூரையடிக் காற்றுத்துளை வழியாக உள்ளே புகும் கங்குகளே வீட்டை எரிக்கின்றன. 2008 முதல் கலிஃபோர்னியா விதி, அபாயப் பகுதிகளில் அந்தத் துளைகளுக்கு நுண்வலையும் தீப்பிடிக்காத வெளிப்பூச்சும் கேட்கிறது.

இப்படிப்பட்ட வீடு எத்தனை காலம் நிற்கும்?

மாசசூசெட்ஸின் டெடம் ஊரில் 1640ஐ ஒட்டிக் கட்டிய ஃபேர்பேங்க்ஸ் வீடு இன்றும் நிற்கிறது. மர வீடு. ஆகவே மரத்துக்கு ஆயுள் இல்லை என்ற பேச்சை விட்டுவிடலாம். மரத்தைக் கொல்வது தண்ணீர். அதுவும் வெள்ளமாக வருவது அல்ல, ஜன்னல் ஓரத்தில் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கசிவது.

1990களின் நடுவில் வட கரோலினாவின் வில்மிங்டனில் நடந்ததைப் பாருங்கள். செயற்கைச் சாந்துப் பூச்சு அப்போது நாகரிகம். நுரைப் பலகையை ஒட்டி மேலே பூசினால் அழகு, சேமிப்பு, விரிசல் இல்லை. ஆனால் ஜன்னல் இணைப்பில் நுழைந்த மழைநீர் வெளியேற வழி இல்லை. ஓரிரண்டு வயதே ஆன, விலையுயர்ந்த வீடுகளின் சுவருக்குள் ஓஎஸ்பி கூழாகிக் கிடந்தது. சோதித்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஈரம் அளவுக்கு மீறியிருந்தது. வழக்குகள் தொடர்ந்தன. இன்று அதே பூச்சைப் பின்னால் வடிகால் இடைவெளி விட்டுத்தான் அடிக்கிறார்கள். நீர் நுழையாது என்று நம்பிக் கட்டிய சுவர் அழுகியது. நுழையும், வெளியேற வழி விடு என்று கட்டிய சுவர் பிழைத்தது.

எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் கிரானைட் மேடையைத் தடவிக்கொண்டு நிற்காமல், மழை நாளில் ஒருமுறை போய் வெளியே சுற்றி வாருங்கள். கூரைநீர்க் குழாய் அஸ்திவாரத்தின் அடியிலேயே கொட்டுகிறதா? தரை வீட்டைவிட்டு வெளியே சரிகிறதா, வீட்டை நோக்கியா? கூரை விளிம்பு சுவரில் முட்டும் இடத்தில் நீரைத் திருப்பிவிடும் தகடு இருக்கிறதா? வெந்நீர்த் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய், கழிப்பறை அடிப்பாகம் ஆகிய மூன்றும் உள்ளிருந்து கசியும் இடங்கள்.

1978க்கு முந்தைய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சிறு குழந்தை இருந்தால் சுரண்டும் முன் சோதிக்கவும்.

கரையான்?

தெற்கில் உண்மையான தொல்லை. நியூ ஆர்லியன்ஸில் உலகப் போருக்குப் பின் கப்பல் சரக்கோடு வந்திறங்கிய ஃபார்மோசக் கரையான் பேர்போனது. கான்கிரீட்டைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. மண்ணை மரத்திலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி வைப்பது உங்கள் வேலை. செடிக்கு மரத்தூள் கொட்டிக் கொட்டி அதைச் சுவர்வரை உயர்த்திவிடுகிறவர்கள் கரையானுக்குப் பாலம் போடுகிறார்கள்.

கட்ட எவ்வளவு காலம் ஆகும்? மேற்பார்வை யார்?

ஏழு முதல் பத்து மாதம். சட்டம் எழும்புவது சில வாரங்களில் முடிந்துவிடும், பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். ஒவ்வொரு வேலையும் தனித்தனித் துணை ஒப்பந்தக்காரர்களிடம் போகிறது. சட்டம், ஜிப்சம், கூரை வேலைகளில் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் கணிசம். ஊராட்சி ஆய்வாளர் அஸ்திவாரம், சட்டம், குழாய், மின்சாரம், பஞ்சு என்று கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திடுவார். அதற்குமேல் உங்கள் செலவில், ஜிப்சம் பலகை மூடுவதற்கு முன் தனியார் ஆய்வாளர் ஒருவரை அனுப்புங்கள். மூடிய பின் எதுவும் தெரியாது. அந்த நாளில் எல்லாச் சுவர்களையும் புகைப்படம் எடுத்து வைத்தால், குழாய் எங்கே ஓடுகிறது என்ற கேள்விக்கு ஆயுள் முழுக்க விடை கையில்.

மொபைல் ஹோம் என்பது சக்கர வீடா?

ஆலையில் எஃகுச் சட்டத்தின் மேல் முழுதாகக் கட்டி, லாரியில் இழுத்து வந்து வைக்கும் வீடு. 1976 ஜூன் 15 முதல் இதற்கென மத்திய அரசின் தனி விதி உண்டு. வைத்த பின் பெரும்பாலானவை நகர்வதில்லை. இரண்டு கோடி அமெரிக்கர்கள் அளவில் இவற்றில் வாழ்கிறார்கள். வீடு சொந்தம், அடியிலுள்ள மனை வாடகை என்ற நிலையில், மனைக்காரர் வாடகையை ஏற்றினால் எங்கும் போக முடியாது என்பதே இதன் சிக்கல்.

தாளிக்கும்போதெல்லாம் புகை மணி அலறுகிறது. என்ன செய்வது?

அடுப்புக்கு மேலுள்ள மைக்ரோவேவின் விசிறி பல வீடுகளில் காற்றை வெளியே அனுப்புவதில்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்து உங்கள் முகத்திலேயே ஊதுகிறது. மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய் தெரியாவிட்டால் அதுதான் விஷயம். வெளிச்சுவரை ஒட்டிய அடுப்பு என்றால் ஆறு அங்குலக் குழாய் போட்டு வெளியே விடுவது பெரிய வேலை அல்ல. மணியைக் கழற்றி மேசை டிராயரில் போடுவது மட்டும் வேண்டாம்.

ஹாலில் ஊஞ்சல் மாட்டலாமா?

உட்கூரையில் தெரிவது ஜிப்சம் பலகை. அது ஊஞ்சலைத் தாங்காது, விசிறியைக்கூடத் தாங்காது. மேலே மாடி இருந்தால், பலகைக்குப் பின்னால் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். காந்தத்தை மெல்ல நகர்த்தினால் திருகாணித் தலைகளில் ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசைதான் சட்டம். வசிப்பறைத் தளத்தை விதி சதுர அடிக்கு 40 பவுண்டு சுமைக்குக் கணக்கிடுகிறது. ஆனால் அது பரவிய சுமை. இரண்டு பேர் உட்கார்ந்து வீசி ஆடும்போது இழுவை இரண்டே புள்ளிகளில், அதுவும் எடையைவிட அதிகமாக இறங்கும். பலகையை வெட்டி, இரு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக்கட்டை பொருத்தி, துளையிட்டுப் பூட்டும் கொக்கியை அதில் மாட்ட வேண்டும்.

மேலே மாடி இல்லாமல் கூரைச் சட்டகம் மட்டும் இருந்தால், அதன் அடிச்சட்டம் இழுவிசைக்கென்றே அளந்து செய்தது. பொறியாளரின் கணக்கு இல்லாமல் அதில் எதையும் தொங்கவிடக் கூடாது. அப்போது தரையில் நிற்கும் சட்டகத்தோடு வரும் ஊஞ்சலை வாங்கிவிடுவது நல்லது. வாடகை வீட்டிலும் அதுதான் வழி.